குடிக்கும் வயதை 21 ஆக்க நம் மாகாணத்தால் முடியுமா?

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்):
என் மகனுக்குப் போன மாதம் 18 முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமையே பாட்டில் ஸ்டோர் (மதுக்கடை) பையோடு வாசலில் வந்து நின்றான். "சட்டம் அனுமதிக்கிறது, அம்மா" என்றான். கூட வந்த பையனுக்கு 16 கூட இருக்காது. அவனே பணம் கொடுத்து வாங்கினானாம், அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லையாம். வயிறு எரிகிறது. அமெரிக்காவில் மாநிலங்களுக்குத்தானே இந்த அதிகாரம்? பிறகு எப்படி எல்லா மாநிலங்களிலும் 21 ஆனது? நம் குவாசூலு-நட்டால் மாகாணமும் அப்படிச் செய்யக்கூடாதா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற வழக்கறிஞர்):
அம்மா, அங்கே மத்திய அரசு நேராக உத்தரவு போடவில்லை, பணத்தைப் பிடித்தது. 21 வயதுக்குக் கீழே மது வாங்க விடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வராது என்று 1984இல் சட்டம் வந்தது. 19 வயதினருக்கு லேசான பியர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு, 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று தோற்றது. சாலைப் பணத்துக்கும் குடிக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு போதாது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஓ'கானர். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டில், மது உரிமம் அரசியலமைப்பின் 5ஆம் அட்டவணைப்படி மாகாணத்துடையது. மண்டேலா கையெழுத்திடாமல் அனுப்பிவைத்த மது மசோதாவில், சில்லறை உரிமத்தில் தேசிய அரசு தலையிட முடியாது என்று 1999இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய அளவிலான உற்பத்தியும் மொத்த வியாபாரமும் மட்டும் தேசிய அரசிடம் தங்கின. ஆனால் 18 என்ற வயது 2003ஆம் ஆண்டின் தேசிய மதுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை 21 ஆக்க 2016இல் வந்த வரைவு சட்டமாகவில்லை. மாகாணம் தனியாக உயர்த்தினால் வழக்கு நிச்சயம்.

பதில் (ஈஸ்ட் லண்டன், செவிலியர்):
அக்கா, 2022 ஜூனில் இங்கே எனியோபெனி டேவர்னில் (மதுக்கூடத்தில்) 21 பிள்ளைகள் இறந்தார்கள். இளைய பிள்ளைக்கு 13 வயது. அன்றும் சட்டத்தில் 18 என்றுதான் இருந்தது. அதை 21 ஆக மாற்றியிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்குமா? வயதைச் சரிபார்ப்பது விற்பவரின் கடமை என்று அதே 2003 சட்டம் சொல்கிறது. உங்கள் கடைக்காரர் அதைத்தான் மீறினார். உரிமம் கொடுத்த மாகாண அதிகாரிகளுக்கு எழுதுங்கள்.

கேட்டவர்:
எழுதுகிறேன், தங்கச்சி. முதலில் அந்தப் பையனின் அம்மாவிடம் பேச வேண்டும். புகாரில் அவளும் கையெழுத்திடட்டும்.