சளியில் டிஎன்ஏஸ் பாதியில் நின்றுவிடுகிறது. ஆக்டின்தான் காரணமா?

கேள்வி:
வணக்கம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி கட்டும் மரபு நோய்) நோயாளிகளின் சளி மாதிரியில் டோர்னேஸ் ஆல்ஃபா (மருந்தாகத் தயாரித்த டிஎன்ஏஸ்-1, டிஎன்ஏவை நறுக்கும் நொதி) சேர்த்து 37 டிகிரியில் வைக்கிறோம். கன்றின் தைமஸ் டிஎன்ஏவை இதே நொதி நன்றாக நறுக்குகிறது. சளியில் மட்டும் சில மாதிரிகள் இளகுகின்றன, சில அசைவதே இல்லை. நொதி கெட்டுவிட்டதா?

பதில் 1:
தைமஸ் டிஎன்ஏவை நறுக்கினால் நொதி நன்றாகத்தான் இருக்கிறது. சளியில் செத்த நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளையணு) டிஎன்ஏவை மட்டுமா கொட்டுகிறது? உள்ளேயிருந்த ஆக்டின் என்ற சட்டகப் புரதத்தையும் சேர்த்துத்தான். ஜி-ஆக்டின் (தனி மூலக்கூறாக இருக்கும் ஆக்டின்) டிஎன்ஏஸ்-1ஐ ஒன்றுக்கு ஒன்று பிடித்து முடக்கும், லேசில் விடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மில்லிக்கு 0.1 மி.கி. ஜி-ஆக்டின் என்று வைத்தால், 42 கிலோடால்டனுக்கு 2.4 மைக்ரோமோலார். அதை நிரப்பவே 37 கிலோடால்டன் டோர்னேஸ் மில்லிக்கு 88 மைக்ரோகிராம் வேண்டும். மாதிரிக்கு மாதிரி ஆக்டின் அளவு மாறும், அதனால்தான் விளைவும் மாறுகிறது. சோதிக்க, தைமஸ் டிஎன்ஏவோடு முயல் தசை ஜி-ஆக்டினைப் படிப்படியாகக் கூட்டி 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து பாருங்கள்.

பதில் 2:
அதோடு இன்னொன்று. எஃப்-ஆக்டின் (ஜி-ஆக்டின்கள் கோத்த சங்கிலி) இழைகளும் டிஎன்ஏவும் எதிர்மின்னூட்டம் உள்ளவை. ஹிஸ்டோன், எல்எல்-37 போன்ற நேர்மின் புரதங்கள் இடையில் புகுந்து இவற்றைக் கயிறாகத் திரிக்கின்றன. கயிற்றுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நொதி எட்டாது. எதிர்மின்னூட்டமுள்ள பாலி-அஸ்பார்டேட் சேர்த்தால் கயிறு பிரியும். உப்பைக் கூட்டினாலும் பிரியும், ஆனால் டிஎன்ஏஸ் வேகம் அதில் படுத்துவிடும். சளி எடுத்த குழாயில் எடிடிஏ (கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) இருந்ததா என்று முதலில் பாருங்கள். கால்சியமும் மெக்னீசியமும் போனால் நொதிக்கு வேலையே இல்லை. வோர்டெக்ஸ் (வேகமாகச் சுழற்றிக் கலக்கும் கருவி) வேண்டாம், நுரை கட்டினால் நொதி கெடும். மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் காயத்தில் ரத்தத்துக்குள் கொட்டும் ஆக்டின் ஏன் இப்படி அடைப்பதில்லை?

பதில் 3:
ரத்தத்தில் அதைத் துப்புரவு செய்ய ஆள் உண்டு. ஜெல்சோலின் என்ற புரதம் ஆக்டின் இழையை வெட்டும், ஜிசி-குளோபுலின் (வைட்டமின் டியைச் சுமக்கும் அதே புரதம்) ஒற்றை ஆக்டினைத் தூக்கிப் போகும். பெருங்காயத்திலும் செப்சிஸிலும் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) ஜெல்சோலின் செலவழிந்து அளவு இறங்கும், மோசமான நோயாளிகளிடம் அதிகமாக. சளியில் ஜெல்சோலின் சேர்த்தால் பிசுபிசுப்பு குறையும் என்று 1994இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் ஜெல்சோலின் நொதி அல்ல. ஒரு மூலக்கூறு ஒரு வெட்டு வெட்டிவிட்டு வெட்டிய முனையிலேயே மூடியாக உட்கார்ந்துவிடும். அதனால் ஆக்டின் எவ்வளவோ அதற்கு ஏற்றபடி சேர்க்க வேண்டும், துளி போட்டால் நடக்காது. இதற்கும் கால்சியம் வேண்டும், எடிடிஏ குழாய் இங்கேயும் ஆகாது.