ஆபரேஷன் முடிந்து மறுபடியும் சைக்கிள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோவை, வடவள்ளி:

எனக்கு வலப்பக்கக் கவட்டையில் குடலிறக்கம். ஹெர்னியா என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரிகிறது. இருமினால் வெளியே புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சின்னத் துளைகள் போட்டுக் கேமரா விட்டு, உள்ளே வலை வைத்து மூடி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிற விஷயம் இது. இருந்தும் இடம் அப்படிப்பட்டது என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

முதலில் டாக்டரிடம் கேட்கிற விதம். "சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?" என்று மொட்டையாகக் கேட்டால், "கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் மெதுவா ஓட்டுங்க" என்றுதான் பதில் வரும். அவர் நினைப்பது தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிற சைக்கிளை. நாம் நினைப்பது பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை என்று சிறுவாணி ரோட்டில் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற சைக்கிளை. நான் பிய்த்துப் பிய்த்துக் கேட்டேன். வண்டி 14 கிலோ, வீடு முதல் மாடி, தினமும் தூக்கிக்கொண்டு ஏறணும், அது எப்போது? மேட்டில் சீட்டை விட்டு எழுந்து மிதிக்கலாமா? கைப்பம்பில் காற்று அடிக்கலாமா? கேட்கக் கேட்க அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசாக என் பக்கம் திரும்பிவிட்டார். தூக்குவது 6 வாரத்துக்குக் கிடையாது, பம்ப் அடிப்பதும் அப்படியே. வலி விட்டதும் சமதளத்தில் உட்கார்ந்தபடி மிதிக்கலாம். எழுந்து மிதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். இது எனக்குச் சொன்னது. உங்கள் கணக்கு வேறாக இருக்கும்.

ஹெர்னியா சிகிச்சைக்கென்று 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், உடம்பு ஒத்துக்கொண்டதும் வழக்கமான வேலைகளைத் தொடங்கிவிடலாம் என்றே சொல்கிறது. நம் ஊர் டாக்டர்கள் பலர் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. என் வயிற்றுக்குள் பார்த்தவர் இவர்தானே.

முதல் சில நாட்களில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதிகள் சில உண்டு. வயிற்றில் ஆபரேஷன், வலித்ததோ தோள்பட்டை. லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைக்கிறார்கள். அது உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையை, உறுத்தினால், அந்த வலி நரம்பு வழியாகத் தோளில் தெரியும். ஓரிரு நாளில் போய்விடுகிறது. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தது எனக்குச் சுகமாக இருந்தது. அடுத்தது மலச்சிக்கல். வலி மாத்திரை குடலை மந்தமாக்கும், ஆனால் முக்கவே கூடாது. இசப்கோலும் பப்பாளியும்தான் காப்பாற்றின. தும்மலோ இருமலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரைப்பை கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போய்ப் பார்க்கவே பயமாக இருக்கும். மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்கி நிற்பதுதான் அது. இறுக்கமான உள்ளாடை போட்டால் பாரம் தெரியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய பீதி அதற்கப்புறம்தான் வந்தது. பழைய இடத்திலேயே மறுபடி ஒரு கட்டி! ஹெர்னியா திரும்பி வந்துவிட்டது என்று வீட்டில் ஒரே கலவரம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இருமச் சொன்னார். புடைக்கவில்லை. ஹெர்னியா இருந்த வெற்றிடத்தில் நீர் கட்டியிருக்கிறது, தானாக வற்றிவிடும் என்றார். வற்றிவிட்டது. ஆனால் காய்ச்சல், சிவந்து சூடாக இருப்பது, சீழ், ஏறிக்கொண்டே போகும் வலி, வாந்தி, கெண்டைக்காலில் வீக்கம், இதில் எது வந்தாலும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, சைக்கிள். மிதிப்பது இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே சுலபம். லேசான கியரில் சமதளத்தில் மிதிக்கும்போது வயிற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. மிதிப்பதற்கு முன்னும் பின்னும் செய்கிறவைதான் அடிவயிற்றைப் பிடித்து இழுக்கின்றன. மாடியிலிருந்து இறக்குவது, ஸ்டாண்டு போடுவது, பார் மேல் காலைத் தூக்கிப் போடுவது, சிக்னலில் நின்று ஒரே எம்பில் கிளப்புவது.

காலைத் தூக்கும் பிரச்சினைக்கு நான் கண்ட வழி, என் தங்கையின் பழைய லேடீஸ் சைக்கிள். பார் கிடையாது, காலைத் தரையிலிருந்து ஒரு சாண் எடுத்தால் போதும். ஹேண்டில்பாரும் உயரம், முதுகு நிமிர்ந்தே இருக்கும். குனிந்து வயிறு மடங்கி உட்காரும் வேலை இல்லை. முன்னால் கூடையும் நீல மட்கார்டுமாக நான் போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். சீட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்கி, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்துக்கொண்டேன். திடீரென்று நிறுத்த நேர்ந்தால் ஒற்றைக் காலில் சாய்ந்து வண்டியைத் தாங்குவது ஆகாது.

அடுத்த எதிரி வேகத்தடை. வழக்கமாக நாம் சீட்டிலிருந்து லேசாக எழுந்து முழங்காலில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வோம். எழுந்தால் வயிறு இறுகுகிறது, எழாவிட்டால் குலுங்குகிறது. செல்வபுரம் தாண்டிப் பேரூர் போகும்போது ஒவ்வொரு தடையிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினேன். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்ததும் உதவியது. முன்பு சர்ரென்று கடந்துபோன ரோட்டில் இத்தனை தடை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அதில் பாதிக்கு வெள்ளைக்கோடுகூட இல்லை.

இப்போது பழைய வண்டிக்கு வந்தாகிவிட்டது. நீண்ட தூரம் போனால் வடு இருக்கும் இடத்தில் ஒரு மரமரப்பு, அவ்வளவுதான். ஆனைகட்டி ஏற்றத்தை இன்னும் தொடவில்லை. உங்களுடையதைச் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கம்:

எனக்கு வயிறு இல்லை, கை. கார்ப்பல் டனல். ராத்திரியானால் வலது கையில் மூன்று விரல் மரத்து, தூக்கத்திலிருந்து எழுந்து உதற வேண்டியிருக்கும். மணிக்கட்டில் நரம்பை நெரித்துக்கொண்டிருந்த பட்டையை வெட்டி விட்டார்கள். கையை மட்டும் மரக்க வைத்து, கால் மணி நேர வேலை. அன்று ராத்திரியே மரத்துப்போவது நின்றுவிட்டது, அது உண்மையிலேயே அதிசயம்.

ஆனால் தையல் போட்ட இடம் உள்ளங்கையின் அடிப்பகுதி. ஹேண்டில்பார் அழுத்துவதும் சரியாக அங்கேதான். தையல் பிரித்து, வெளியே பார்க்க எல்லாம் ஆறிய பிறகும், உள்ளங்கையின் இரண்டு மேட்டிலும் அழுத்தினால் சுரீரென்று வலி. இது இரண்டு மூன்று மாதம்கூட இருக்கலாம் என்றார்கள், இருந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பும் கையில் தெரியும்.

பிரேக்கைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். நம் ஊர் சைக்கிளில் வலது கைக்கு முன் பிரேக், இடது கைக்குப் பின் பிரேக். வலது கையில் பிடிப்பே இல்லாதபோது பின் பிரேக்கை மட்டும் நம்பித்தான் ஓட்ட வேண்டும், அதில் வண்டி லேசில் நிற்காது. எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் முன் பிரேக் கேபிளைத் தளர்த்தி எண்ணெய் விட்டு, பிடியைக் கைக்கு நெருக்கமாகத் திருகிக் கொடுத்தார். இரண்டு விரலால் இழுக்கும் அளவுக்கு இலகுவானது. அதுவரை பள்ளிக்கூடத்துக்குப் பஸ்தான். ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சியைவிட, சப்பாத்தி மாவு பிசைந்ததில்தான் பிடி திரும்பியது என்பது என் அபிப்பிராயம். பிசியோதெரபிஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை!

கோவில்பட்டி:

என்னுடையது இன்னும் சங்கடமான இடம். வால் எலும்புக்குப் பக்கத்தில், பிட்டப் பிளவில் முடி உள்ளே குத்தி வளர்ந்து சீழ்க்கட்டி. பைலோனிடல் சைனஸ் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஏராளமான பேருக்கு வந்து, ஜீப் நோய் என்றே பெயராகிவிட்டதாம். நான் ஜீப்பில் ஏறியதே இல்லை.

தையல் போடாமல் புண்ணைத் திறந்தே விட்டார்கள், அடியிலிருந்து தானாக வளர்ந்து மூட வேண்டும். வாரக்கணக்கில் தினமும் டிரெஸ்ஸிங். சைக்கிள் சீட்டை நினைத்தாலே உடம்பு கூசும். முழுசாக மூடிய பிறகும் டாக்டர் இரண்டு விஷயம் கறாராகச் சொன்னார்: அந்த இடத்தில் முடியை வளர விடாதே, வியர்த்த டிரவுசரோடு உட்காராதே. நடுவில் பள்ளம் விட்ட சீட்டு வாங்கினேன். ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பள்ளம் முன்பக்கத்துக்குத்தான் பயன். வால் எலும்புக்குப் பயன்பட்டது, சீட்டின் மூக்கைச் சமமாக வைத்து, இடுப்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து உட்கார்ந்ததுதான். வடவள்ளி அண்ணா நிமிர்ந்து உட்காரச் சொல்கிறார், எனக்கு நேர் எதிர்!

திண்டிவனம்:

அப்பாவுக்கு 66 வயது. அடுத்த வாரம் ஹெர்னியா ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பி இல்லை, ஓபன். கழனிக்குப் போக வர அவருக்குச் சைக்கிள்தான். பழைய பார் வண்டி. "நாலு நாள்ல எறங்கிடுவேன்" என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

கோவை, வடவள்ளி:

ஓபன் என்றால் வெட்டு கவட்டை மடிப்பை ஒட்டியே இருக்கும். தொடை மேலே வரும்போதெல்லாம் அந்த இடம் மடங்கும், அதனால் ஆரம்பத்தில் என்னைவிட அவருக்கு அதிகமாக இழுக்கும். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் எனக்குப் பயம் ஓட்டுவதில் இல்லை, கேரியரில். உர மூட்டை, புல்லுக்கட்டு, கேஸ் சிலிண்டர் என்று எதையாவது கட்டிக்கொண்டுதான் வருவார். அந்த வண்டியே 20 கிலோ இருக்கும், மூட்டையோடு ஸ்டாண்டு போட எம்ப வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று அவரை எதிரில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் பாரம் பற்றித் தனியாகக் கேளுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், டாக்டர் சொன்னால் பாதியாவது கேட்பார்.

காற்றை இறக்கி வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவரே பம்பை எடுத்து அடிப்பார், அது ஓட்டுவதைவிட மோசம். கேரியரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பூட்டுச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.