பழைய டியூப் டிவியில் மெகா டிரைவ்: கறுப்பு வெளுக்கிறது, சிவப்பு கசிகிறது

கேள்வி:
21 அங்குலப் பழைய டியூப் டிவியில் செகாவின் பழைய கேம் கன்சோலான மெகா டிரைவை மஞ்சள் காம்போசிட் கேபிள் வழியாக இணைத்திருக்கிறேன். குகைக் கட்டங்களில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வெள்ளை எழுத்துகளைச் சுற்றி மெல்லிய நிழல்கோடு தெரிகிறது. சிவப்பு எழுத்துகள் பக்கவாட்டில் கசிகின்றன. போதாக்குறைக்கு வலது கீழ்மூலையில் ஒரு பச்சைத் திட்டு. ரிமோட்டில் எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று சரியானால் இன்னொன்று கெடுகிறது. பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் திருகுகளைத் தொடலாமா?

பதில் 1:
மூடியைத் திறக்கவே வேண்டாம். கலர் பிக்சர் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கலாம். நீங்கள் சொன்ன எந்தக் கோளாறுக்கும் உள்ளே கை வைக்கத் தேவையில்லை.

டிவியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறும்வரை கறுப்பும் நிறமும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். அதற்குள் சரிசெய்வது வீண். ‘டைனமிக்’ போன்ற பளபளப்பு மோட் இருந்தால் அதை விட்டு வெளியே வாருங்கள். வழக்கமாக விளையாடும்போது அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்குமோ அவ்வளவே இப்போதும் இருக்கட்டும்.

பிரைட்னஸ் நிர்ணயிப்பது கறுப்பை. வெள்ளையைக் கான்ட்ராஸ்ட் பார்த்துக்கொள்ளும். அந்தக் குகைக் காட்சியில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கறுப்பு முழுக் கறுப்பாகும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். பாறையின் நிழல் விவரங்கள் கறுப்பில் கரைந்துபோனால் அவை மீண்டும் மங்கலாகத் தலைகாட்டும்வரை ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். அடுத்தது கான்ட்ராஸ்ட். திரை திடீரென வெள்ளையாகும் இடத்தில் படத்தின் ஓரங்களைக் கவனியுங்கள். படம் உப்பிப் பெரிதாகிறதென்றால் கான்ட்ராஸ்ட் அதிகம். அதைக் குறைத்த பிறகு பிரைட்னஸை இன்னொரு முறை பாருங்கள். ஒன்று மற்றதைக் கொஞ்சம் இழுக்கும்.

எழுத்தைச் சுற்றிய நிழல்கோடு ஷார்ப்னஸ் செய்யும் வேலை. அது புதிதாக எந்த விவரத்தையும் கொண்டுவருவதில்லை, விளிம்புக்கு மை தீட்டிவிடுகிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அடியோடு இறக்கிவிடுவேன்.

பதில் 2:
அடியோடு வேண்டாம். சில செட்களில் பூஜ்யத்துக்குப் போனால் படமே குழைந்துவிடும். நிழல்கோடு மறையும் இடத்தில் நிறுத்தினால் போதும்.

சிவப்புக் கசிவு முழுதாகப் போகாது. காம்போசிட்டில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் வருகின்றன. நிறத்துக்குக் கிடைக்கும் அலைவரிசை அகலம் குறைவு. அடர்சிவப்பில்தான் அது கண்ணை உறுத்தும். கலர் அளவைக் குறைத்தால் தணியும். டிவியில் ஸ்கார்ட் உள்ளீடு (பின்னால் இருக்கும் அகலமான பல முள் சாக்கெட்) இருந்தால், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பிகளில் கொண்டுவரும் ஆர்ஜிபி கேபிள் வாங்குங்கள். மெகா டிரைவ் அந்தச் சிக்னலைத் தானாகவே தருகிறது. ஆனால் ஓர் இழப்பு உண்டு. 1991இல் வந்த முதல் சோனிக் ஆட்டத்தின் அருவி, ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த செங்குத்துக் கோடுகள்தான். காம்போசிட்டின் மங்கலில் அவை கலந்து கண்ணாடி நீர் போலத் தெரியும். ஆர்ஜிபியில் கோடு கோடாக நிற்கும். நான் இன்னும் மஞ்சள் கம்பியை விடாததற்கு அந்த அருவியும் ஒரு காரணம்.

பச்சைத் திட்டு காந்தத்தால் வந்திருக்கலாம். பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
இருந்தது, வலப்பக்கம் ஒட்டினாற்போல. நகர்த்திவிட்டேன், திட்டு வெளிறியிருக்கிறது, ஆனால் போகவில்லை. கறுப்பும் எழுத்துகளும் இப்போது அருமை. கான்ட்ராஸ்ட் உச்சத்தில் இருந்திருக்கிறது! ஆனால் மேலே ஸ்கோர் வரியின் தலை வெட்டுப்படுகிறதே?

பதில் 2:
திட்டுக்கு: ரிமோட்டில் அணைத்தால் போதாது, மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். போட்டதும் ‘ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டால், டியூபைச் சுற்றியுள்ள டீகாஸ் சுருள் (காந்தத்தை நீக்கும் கம்பிச்சுருள்) வேலை செய்கிறது என்று பொருள். சூடாக இருக்கும்போது அது இயங்காது. ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடியும் ஆறவிட்டுச் செய்யுங்கள்.

பதில் 1:
ஸ்கோர் வரி ஓவர்ஸ்கேனில் மாட்டுகிறது. டியூப் டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளித்தான் காட்டும். எண்களைப் படிக்க முடிகிறதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். முடியாவிட்டால், பழுதுபார்ப்பவர்களுக்காக டிவிக்குள் மறைத்து வைத்திருக்கும் சர்வீஸ் மெனுவில் செங்குத்து அளவைக் குறைக்கலாம். அதற்குள் நுழையும் முறை மாடலுக்கு மாடல் மாறும். எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க, 240பி டெஸ்ட் சூட் என்ற சோதனைப்பட மென்பொருளில் உள்ள கட்டக்கோட்டுப் படம் உதவும்; நாமே மென்பொருளை ஏற்றிக்கொள்ளக்கூடிய ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் இருந்தால் மெகா டிரைவிலேயே ஓடும்.