மதிப்பீடு ஒரே நாளில் முடியும், டோஸ் சரியாக மாதக்கணக்காகும்

இங்கிலாந்தில் தனியாரிடம் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) மதிப்பீடு செய்துகொள்ள நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. மருந்து தொடங்கி டோஸ் நிலைப்படும் வரை யார் பார்ப்பார்கள்? அதற்கப்புறம் மாதாமாதம் யார் எழுதித் தருவார்கள்? பணமும் பொறுமையும் கரைவது அங்கேதான்.

நான் ரெடிங்கில் இருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவள், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். ஜிபி (குடும்ப மருத்துவர்) என்னைச் சேர்த்துவிட்ட என்ஹெச்எஸ், அதாவது அரசு மருத்துவச் சேவை வரிசை வருடக்கணக்கில் நீண்டது. 'ரைட் டு சூஸ்' என்று ஒரு வழி இருக்கிறது. ஜிபி பரிந்துரைத்தால், என்ஹெச்எஸ் ஒப்பந்தம் உள்ள வேறொரு நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம், செலவு என்ஹெச்எஸ் பொறுப்பு. இது இங்கிலாந்தில் மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்குக் கிடையாது. நான் விசாரித்தபோது அந்த வரிசையும் நீளமாகவே இருந்தது. வேலையில் இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டதால் கைக்காசு போட்டே போனேன்.

மனநல மருத்துவர் வீடியோவில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பேசினார். டிவா-5 என்ற கேள்வித் தொகுப்பு. ஒவ்வொரு கேள்வியும் இரண்டு முறை வரும்: இப்போது எப்படி, சின்ன வயதில் எப்படி. டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேட்டின் அளவுகோல்படி அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால்தான் பள்ளிச் சான்றும், சின்ன வயதில் நம்மை அறிந்தவர் ஒருவரும் கேட்கிறார்கள். என் விஷயத்தில் அது அம்மா. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. முந்தின வாரமே வாட்ஸப்பில் கூப்பிட்டுக் கேள்விகளைத் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"பொருளெல்லாம் தொலைப்பேனாம்மா?"

"எந்தப் பிள்ளைடி தொலைக்கல? வருஷத்துக்கு ரெண்டு குடை, நாலு டிபன் பாக்ஸ். அது ஒரு குத்தமா?"

"ஆரம்பிச்ச வேலைய முடிப்பேனா?"

"நான் பக்கத்துல உக்காந்தா முடிச்சிருவ."

"காலைல நேரத்துக்குக் கிளம்புவேனா?"

"டாண்ணு எட்டரைக்குக் கிளம்பிருவியே. நான் பை கட்டி, தலை பின்னி, ஊட்டி விட்டு, அப்பா சைக்கிள்ல ஏத்தி விட்டா ஏன் கிளம்ப மாட்ட?"

என் மகளுக்கு ஒரு குறையும் கிடையாது என்பதுதான் அம்மாவின் கட்சி. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் மருத்துவர் குறித்துக்கொண்டார். நம் வீடுகளில் "பிள்ளை செய்தாளா?" என்று கேட்டால் "செய்தாள்" என்றுதான் பதில் வரும். "யார் கூட இருந்து செய்ய வைத்தார்கள்?" என்று கேளுங்கள், அப்போதுதான் விஷயம் வெளியே வரும். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் அம்மா பத்திரப்படுத்தியிருந்த ரேங்க் கார்டுகளும் உதவின. மூன்றாம் ரேங்க், ஐந்தாம் ரேங்க் என்று இருக்கும். பக்கத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்தில், 'திறமை உண்டு. கவனம் அறவே இல்லை.' நன்றாகப் படித்த பெண்களுக்கு ஏடிஹெச்டி இருக்காது என்று இன்னமும் நம்புகிறவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மருந்துக்கு முன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை பார்க்க வேண்டும். அப்பா வழியில் இள வயது மாரடைப்பு உண்டு என்று சொன்னதும் ஈசிஜியும் கேட்டார்கள். குடும்பத்து இதய நோய்களை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இது ஊக்க மருந்து, துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது.

எனக்குத் தந்த ஊக்க மருந்து எல்வான்ஸ், காலையில் 30 மில்லிகிராம். முதல் நாட்களில் தலைக்குள் இருந்த இரைச்சல் குறைந்தது உண்மை. வங்கிக்கு எழுத வேண்டிய கடிதம், மாதங்களாகத் தள்ளிப்போனது, ஒரே மூச்சில் முடிந்தது. ஆனால் மதியம் மூன்று மணிக்கெல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுவேன். 50க்கு ஏற்றினார்கள். வேலை பறந்தது. கூடவே தாடை இறுகியது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு நூறைத் தாண்டியது, மதியச் சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருந்தது. மாலை ஆறு மணிக்கு, சரியாக மகனின் வீட்டுப்பாட நேரத்தில், காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். கணவர்தான் சொன்னார்: "வேலையெல்லாம் நல்லா நடக்குது. ஆனா நீ பாடறதே இல்லையே, கவனிச்சியா?" சமைக்கும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பவள் நான்.

அதை அப்படியே என் டோஸைப் பார்த்துக்கொண்ட செவிலியரிடம் சொன்னேன். 40க்கு இறக்கினார். அதுதான் எனக்கு நின்றது. டோஸ் ஏறினால்தான் முன்னேற்றம் என்று நினைக்க வேண்டாம். வேலை நடக்க வேண்டும், நாமும் நாமாக இருக்க வேண்டும். அதற்குப் போதுமான குறைந்த அளவே சரியான அளவு. இங்கே சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் ஒவ்வொரு டோஸ் மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அழுத்தமும் துடிப்பும் பார்க்கச் சொல்கிறது. அந்த எண்களைக் கேட்காமலே அடுத்த டோஸை எழுதும் இடம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் எழுதினேன்: எழுந்த நேரம், மருந்து நேரம், துடிப்பு, சாப்பாடு, எத்தனை மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியது, தூக்கம், மாதவிடாய் நாள். கடைசியைக் கட்டாயம் எழுதுங்கள். விலக்காவதற்கு முந்தைய வாரம் அதே மாத்திரை எனக்குப் பாதிதான் வேலை செய்கிறது, நோட்டு இல்லாவிட்டால் டோஸ் போதவில்லை என்றே நினைத்திருப்போம். அப்புறம், காபி. இரண்டு டம்ளர் ஃபில்டர் காபியும் மருந்தும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. ஒன்றைக் குறைத்து, மாத்திரைக்கு முன் முட்டையும் இட்லியும் சாப்பிட்டதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இனி 'ஷேர்ட் கேர்'. டோஸ் நிலைப்பட்டபின் ஜிபி மருந்து எழுத, நிபுணர் மேற்பார்வை பார்க்கும் ஏற்பாடு. ஜிபி இதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. எங்கள் சர்ஜரி (ஜிபி கிளினிக்) முதலில் எழுத்திலேயே சம்மதம் தந்தது. டோஸ் முடிவானதும், கொள்கை மாறிவிட்டது, தனியார் மதிப்பீடுகளை ஏற்பதில்லை என்று ஒற்றை வரிக் குறுஞ்செய்தி வந்தது. என்ஹெச்எஸ்ஸில் அப்போது 9.90 பவுண்டுக்குக் கிடைத்ததற்குத் தனியார் சீட்டில் மாதம் 100 பவுண்டை ஒட்டிக் கொடுத்தேன், சீட்டு எழுதும் கட்டணம் தனி. நோயாளியை நடுவில் விட்டுவிட்டு இப்படிக் கதவைச் சாத்துவது நியாயமே இல்லை. பக்கத்து சர்ஜரிக்கு மாறிய பிறகுதான் தீர்ந்தது. மதிப்பீட்டு அறிக்கை, செய்தவரின் தகுதி, டோஸ் வரலாறு, அழுத்தம்–துடிப்பு எண்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொண்டுபோனேன். அவர்கள் பார்த்ததும் அதைத்தான்.

ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியது:

அக்கா, உங்கட அம்மாவின் கதையை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு ரேங்க் கார்டும் இல்லை, அம்மாவும் இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பத்து வயது. ரிப்போட், படம் எல்லாம் வீட்டோடு போயிற்று. பள்ளிக்கூட ரிப்போட் கேட்டபோது என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிறகு டொரோன்டோவில் இருக்கிற அண்ணா கதைத்தார். "கடைக்கு மூன்று சாமான் வாங்க அனுப்பினால் ஒன்றை வாங்கிக்கொண்டு, சைக்கிளைக் கடையிலேயே விட்டுட்டு நடந்து வருவான்" என்றார். அது இடம்பெயர முன்னம், எனக்கு ஏழு வயதில் நடந்தது. மருத்துவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. போரைக் கண்ட பிள்ளைக்கும் கவனம் சிதறும், நித்திரை வராது, திடுக்கிடும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க இன்னொரு அமர்வும் வைத்தார். எனக்கு ஏடிஹெச்டி, போரின் பாதிப்பு இரண்டும் இருக்கிறது என்றார். அவசரப்படாமல் கேட்டதற்கு அவருக்கு நன்றியாக இருக்கிறேன். நம்மட ஆட்கள் போரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது.

எனக்கு மெத்தில்பெனிடேட் என்ற ஊக்க மருந்துக் குளிசை, 10இல் தொடங்கி 40 வரை போய், இப்ப 30. 40இல் பழைய பயங்கள் கிளம்பின. ஒரு கேள்வி: கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பகலில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. அப்போது என்ன செய்வது?

லெஸ்டரிலிருந்து, மருந்தகத்தில் வேலை செய்பவர்:

எல்வான்ஸும் மெத்தில்பெனிடேட்டும் இங்கே அட்டவணை 2இல் உள்ள கட்டுப்பாட்டு மருந்துகள். சீட்டு 28 நாட்களுக்குத்தான் செல்லும், பொதுவாக ஒரு தடவைக்கு 30 நாள் மருந்துக்கு மேல் எழுத மாட்டார்கள். 30 மில்லிகிராம் கையிருப்பில் இல்லை என்றால் நாங்களாக வேறு அளவைத் தர முடியாது, புதுச் சீட்டு வேண்டும். 2023 செப்டம்பரில் நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது கவுன்ட்டரில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தீர ஒரு வாரம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் மருத்துவர் கடிதத்தோடு, மருந்தை அதன் சொந்தப் பெட்டியிலேயே கொண்டுபோங்கள். இந்தியாவில் ஆம்பெட்டமைனும் (எல்வான்ஸ் உடலுக்குள் இதன் ஒரு வகையாகத்தான் மாறுகிறது) மெத்தில்பெனிடேட்டும் போதைப்பொருள்களுக்கான என்டிபிஎஸ் சட்டத்தின் கீழ் வருகின்றன, போகும் முன் தூதரகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ரெடிங்கிலிருந்து, என் பதில்:

ஹாரோ தம்பி, பெட்டியில் மெத்தில்பெனிடேட்டின் எந்த வணிகப் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். மெடிகினெட் எக்ஸ்எல் என்றால் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் மருந்தின் வேகம் சீக்கிரமே இறங்கிவிடும். கான்செர்ட்டா என்றால் சாப்பாடு கட்டாயம் இல்லை, ஆனாலும் பட்டினியில் துடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் சஷ்டிக்கு முன்பே செவிலியரிடம் கேட்டு, விடிகாலையில் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு மாத்திரை போட்டேன். நீங்களும் உங்கள் செவிலியருக்கு இப்போதே எழுதிவிடுங்கள், அவர்கள் பதில் தர ஒரு வாரமாவது ஆகும்.