ஐ7 மலிவு, ஐ3 விலை அதிகம்: எந்த டெஸ்க்டாப்பை வாங்குவது?

முட்டத்துக்காரி

வணக்கம். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். கொழுந்தனாரின் விசைப்படகுக் கணக்கு, இரண்டு மகளிர் குழுக்களின் வரவு செலவு, மாதம் ஒருமுறை எங்கள் தேவாலயப் பங்கின் செய்தி மடல் டைப் அடிப்பது, இவ்வளவுதான் என் வேலை. மகன் நாகர்கோவிலில் பொறியியல் முதலாண்டு படிக்கிறான். அவனும் இதே கம்ப்யூட்டரில்தான் உட்காருவான்.

2016இல் வாங்கிய டெஸ்க்டாப் போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இதற்குள் இரண்டு முறை எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்றியிருக்கிறேன், ஒருமுறை மதர்போர்டும் மாற்றியாயிற்று. இந்த முறை பார்த்தவர், "இனி இதற்குச் செலவழிக்காதீர்கள் அக்கா" என்று கையைக் கழுவிவிட்டார்.

இரண்டு கடைகளில் விலை கேட்டேன். முதல் கடை: ஐ7 பிராசஸர், எச்61 போர்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 20 இன்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். இரண்டாம் கடை: ஐ3 12100, எச்610 போர்டு, 8 ஜிபி ரேம், அதே அளவு எஸ்எஸ்டி, 22 இன்ச் மானிட்டர், 38,000 ரூபாய். ஏழு பெரியதா, மூன்று பெரியதா? சாளை விலைக்கு நெய்மீன் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவோமா? ஆனால் இந்த மீனுக்குச் செவுள் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

தக்கலை சர்வீஸ்

செவுள் அந்த ஐ7க்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. கொட்டேஷனில் அந்த எண்ணை எழுதவில்லை, பார்த்தீர்களா? கடைக்கு போன் செய்து கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

முட்டத்துக்காரி

கேட்டேன் சார். "எல்லாம் நல்ல ஐ7தான்" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது 2600 என்றார்.

தக்கலை சர்வீஸ்

நினைத்தேன். ஐ7 2600 வெளிவந்தது 2011 ஜனவரியில். நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறையைச் சொல்லும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்; 12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டுக்கும் கோர் (உள்ளே கணக்குப் போடும் மையம்) நான்குதான், திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) எட்டுதான். ஆனால் ஒரே நொடியில் 12100 முடிக்கும் வேலை மிக அதிகம், இழுக்கும் மின்சாரமோ குறைவு: பழையதன் கணக்கு 95 வாட், இதற்கு 60.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட வேண்டிய பெயர்கள். பதினோரு வருட இடைவெளியில் அந்தப் பெயருக்கு மதிப்பே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய தலைமுறைக்கான எச்61 போர்டில் இரண்டும் நடக்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். படகுக் கணக்கும் குழுப் பணமும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

அந்தப் போர்டு "புதியது" என்றும் சொல்லியிருப்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எச்61 போர்டுகளை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதில் கழற்றிய பழைய பிராசஸரை மாட்டுகிறார்கள். பெட்டி பளபளவென்றுதான் இருக்கும்.

தோவாளைத் தம்பி

அக்கா, இந்தக் காலத்தில் டெஸ்க்டாப் எதற்கு? 40,000க்கு ஒரு லேப்டாப் வாங்கினால் தம்பி கல்லூரிக்கும் எடுத்துச் செல்வான், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

முட்டத்துக்காரி

அதுதான் தம்பி பிரச்சினை. அவன் கல்லூரிக்கு எடுத்துச் சென்றால் நான் எதில் கணக்கு எழுதுவது? எனக்கு நாள் முழுக்கச் சின்னத் திரையைக் குனிந்து பார்க்கவும் கழுத்து இடம் கொடுக்காது. இரண்டாம் ஆண்டில் அவனுக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஷார்ஜா ஜன்னல்

சொந்த ஊர் கருங்கல். இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் பிராண்டட் டெஸ்க்டாப்புகள், ஐ5 8500 போட்டவை, இப்போது நிறைய விற்பனைக்கு வருகின்றன. 2018இல் வந்த எட்டாம் தலைமுறை, ஆறு கோர், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அக்காவின் வேலைக்கு இது தாராளம், புதியதைவிட விலையும் நன்றாகக் குறையும்.

தக்கலை சர்வீஸ்

நல்ல யோசனைதான், முழுமையாக மறுக்க மாட்டேன். ஒரே குறை, அந்தச் சிறிய கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவில் இருக்கும். போய்விட்டால் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் அலைந்தாலும் உடனே கிடைக்காது, வரவழைக்க வேண்டும். சாதாரண அளவுள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் அரை மணி நேரத்தில் மாற்றி எழுந்து வந்துவிடலாம். அக்கா வீட்டில் எஸ்எம்பிஎஸ் போவது வழக்கமாகிவிட்டதால் சொல்கிறேன்.

அதைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு எஸ்எம்பிஎஸ், இரண்டு போர்டு. இதைத் தலையெழுத்து என்று விடக்கூடாது. கம்ப்யூட்டர் எந்த இடத்தில் இருக்கிறது? கடல் எவ்வளவு தூரம்? கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பழைய கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்து, உள்ளே என்ன தெரிகிறதென்று எழுதுங்கள். அதுவரை 38,000 ரூபாயைக் கடையில் கொடுக்காதீர்கள்.

முட்டத்துக்காரி

கடல் 300 மீட்டர்கூட இருக்காது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழேதான் மேசை, காற்றுக்காக வைத்தது. தூசி படாமலிருக்க இரவில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிடுவேன்.

சுரீர் என்பது உண்மைதான்! தரை துடைத்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று தொட்டால் கையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். எல்லா வீட்டிலும் கம்ப்யூட்டர் அப்படித்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

தகட்டைக் கழற்றினேன். ஸ்குரூ நான்கில் ஒன்று துருப்பிடித்துத் தலையே உதிர்ந்துவிட்டது. உள்ளே ஃபேன் இறக்கைகளில் தூசி ஈரமாக, களிம்புபோல் அப்பியிருக்கிறது. ரேமை உருவினால் தங்க நிறப் பற்களில் நாலைந்து கறுத்திருக்கின்றன. போர்டின் ஓரத்தில், பின்பக்கம் கேபிள் செருகும் இடங்களுக்குப் பக்கத்தில், பச்சையாகப் பாசிபோல் ஒன்று. செம்புக் குடத்தை விளக்காமல் விட்டால் வருமே, அதே பச்சை. மூலையில் இரண்டு பல்லி முட்டைகள், ஒன்று பொரிந்துவிட்டது.

தக்கலை சர்வீஸ்

பல்லியை விடுங்கள், அது வாடகைக்கு இருந்தது. பச்சைதான் குற்றவாளி. கடல்காற்றில் வரும் உப்பு போர்டில் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சி நீர்த்துவிடும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பைத் தின்னும். மழை நாளில் டப்பாவிலிருக்கும் கல்லுப்பு கசிகிறதே, அதேதான் போர்டின் மேல் நடக்கிறது. கம்ப்யூட்டர் ஓடும்போது சூட்டில் உலர்ந்திருக்கும். அணைத்து ஆறிய பிறகுதான் ஈரம் ஏறும். பிளாஸ்டிக் உறை அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. உறை போட வேண்டுமானால் பழைய பருத்திச் சேலைத் துணி போதும்.

மேசையைக் கிழக்குச் சுவருக்கு மாற்றுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

ஒயர்மேன் வெள்ளமடம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சுரீர் என்பது எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது சகோதரி. கம்ப்யூட்டரின் மூன்று முனை பிளக்கை நேராக மூன்று துளை சாக்கெட்டில்தான் மாட்டியிருக்கிறீர்களா, இல்லை நடுவில் இரண்டு முனை கன்வெர்ட்டர் ஏதாவது இருக்கிறதா?

முட்டத்துக்காரி

சாக்கெட் மூன்று துளைதான், அண்ணன். கன்வெர்ட்டர் இல்லை.

ஒயர்மேன் வெள்ளமடம்

அப்படியானால் சாக்கெட் வரை எர்த் வந்து சேரவில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் இரும்போடு சேரும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் 230 வோல்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்டில் கேபினட் நிற்கும். கரண்ட் மிகக் குறைவென்பதால் எறும்பு ஊர்வதோடு முடிகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதாகி ஃபேஸ் நேரே இரும்பைத் தொட்டால், அன்றைக்கு அது எறும்பாக இருக்காது.

திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு வாங்கி மாட்டினாலும் எர்த் இல்லாமல் அதன் வேலை அரைகுறைதான். இடிமின்னல் நேரத்தில் வரும் உயர் அழுத்தத்தை அது தள்ளிவிட ஓரிடம் வேண்டுமே.

உங்கள் பக்கத்தில் ஒயர்மேன் ஒருவரை வைத்து மல்ட்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்டைத் தாண்டக்கூடாது. சாக்கெட்டில் நீங்களே கம்பி நுழைத்துப் பார்க்க வேண்டாம். சில வீடுகளில் எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலையே முறுக்கி விட்டிருப்பார்கள். அதுவும் ஆபத்து, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோவாளைத் தம்பி

அண்ணன், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தனியாக யுபிஎஸ் வேண்டுமா?

ஒயர்மேன் வெள்ளமடம்

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் கரண்ட் மாறும் இடைவெளி குறையும், பெரும்பாலும் கம்ப்யூட்டர் அணையாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில முரண்டு பிடிக்கும். கணக்கு வேலைக்கு 600 விஏ யுபிஎஸ் தனியாக வைப்பதே நல்லது. லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டிவிடாதீர்கள், சூடேறும்போது இழுக்கும் இழுப்பை அது தாங்காது.

முட்டத்துக்காரி (ஐந்து நாள் கழித்து)

வேலை முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். பக்கத்துத் தெரு ஒயர்மேன் வந்து பார்த்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் 87 காட்டியது. கிணற்றடியில் எர்த் குழாயைத் தோண்டினால், கம்பி இருந்த கிளாம்பு துருவாக உதிர்ந்து, கம்பி மண்ணில் சும்மா கிடக்கிறது. எப்போது அறுந்ததோ. குழாயையும் கம்பியையும் புதிதாகப் போட்டு, கரியும் உப்பும் கொட்டி மூடினார். உப்பு என்றதும் எனக்குத் திக்கென்றது. "இது மண்ணுக்கு அக்கா, போர்டுக்கு இல்லை" என்றார். இப்போது 231 காட்டுகிறது, நியூட்ரலுக்கு 1.4. ஆக மொத்தம் 4,200 ரூபாய்.

இனி கம்ப்யூட்டர். இரண்டாம் கடையிலேயே பேசினேன். 8 ஜிபி ஒற்றை ரேமுக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி போட வேண்டுமானால் கூடுதல் பணம் கேட்கிறார்கள், ரேம் விலை ஏறிக்கிடக்கிறதாம். விலையைக் குறைக்க 12100எஃப் போடட்டுமா என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்த எஃப் என்ன?

தக்கலை சர்வீஸ்

நிறுத்தியது நல்லதாயிற்று. எஃப் என்றால் அந்த பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினால்தான் மானிட்டரில் படமே வரும். மிச்சம் பிடித்ததைப்போல் சில மடங்கு அங்கே போகும். ஏஎம்டியிலும் இதே கதை: 5600ஜி என்றால் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600 என்றால் இல்லை.

ரேம் விலை 2025 கடைசியிலிருந்தே ஏற்றம்தான், கடைக்காரர் சொல்வது உண்மை. இப்போது 8 ஜிபியோடு வாங்குங்கள், போர்டில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மகன் பெரிய சாஃப்ட்வேர் ஏதும் கேட்கும்போது அதே வகையில் இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை சுருக்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வருவதை வேண்டாமென்று சொல்லி, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரையுள்ள 450 வாட் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள்.

பில்லில் பிராசஸர், போர்டு, எஸ்எஸ்டி ஒவ்வொன்றின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். கடையிலேயே ஆன் செய்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் முழுப் பெயர் இருக்கும். பில்லோடு ஒப்பிட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11இலேயே இருக்கிறது, அதற்கென்று யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

முட்டத்துக்காரி (மறுநாள்)

வாங்கியாயிற்று. டாஸ்க் மேனேஜரை நானே திறந்து பார்த்ததும் கடைத் தம்பி, "அக்கா கம்ப்யூட்டர் படித்தவர்களா?" என்று கேட்டான். மேசை கிழக்குச் சுவருக்குப் போய்விட்டது. காற்றுக்கு எனக்கு ஒரு ஃபேன். காலையில் தரை துடைத்ததும் ஈரக்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு முறை தொட்டேன்.

பழையதை அப்படியே கேட்கிறார் பழைய இரும்புக்காரர். கொடுத்துவிடட்டுமா?

தக்கலை சர்வீஸ்

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதில் பத்து வருடப் படகுக் கணக்கு இருக்கிறது. யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டுப் புதியதில் சொருகினால், போர்டு போனதற்கும் டிஸ்குக்கும் சம்பந்தமில்லை என்றால், எல்லாம் வந்துவிடும். வராவிட்டால் தக்கலைக்குக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்.

முட்டத்துக்காரி

கழற்றிவிட்டேன் சார். பொரியாத முட்டையை மகன் தென்னை மரத்தடியில் கொண்டு வைத்திருக்கிறான்.