சிறை மருத்துவமனையிலும் தடயம் சார்ந்த வழக்குகளிலும் செவிலியருக்கு உண்மையில் என்ன வேலை?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர், திண்டுக்கல்

தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்துகொண்டே அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். 2021இல் மாற்றியமைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் ஐந்தாம் பருவத்தில் தடயவியல் செவிலியம் தனிப் பாடமாக வந்துவிட்டது. நாங்கள் படித்த காலத்தில் அது கிடையாது. எனக்கு மூன்று ஐயங்கள். அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவரைப் பயிற்சி பெற்ற செவிலியரே பரிசோதித்து மாதிரிகளைச் சேகரிக்கிறார் என்கிறார்கள். நம் நாட்டில் செவிலியருக்கு அதில் எந்த அளவுக்கு இடம் இருக்கிறது? சிறை மருத்துவமனையில் பணி கிடைத்தால் மாத்திரை கொடுப்பதைத் தவிர வேறு என்ன செய்ய வேண்டியிருக்கும்? சிறைவாசி ஒருவர் என்னை நம்பிச் சொன்னதைச் சிறை அதிகாரி கேட்டால் நான் சொல்லியாக வேண்டுமா? "ஜெயிலில் நர்ஸ் வேலையா?" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கும் சேர்த்து அனுபவம் உள்ளவர்கள் விடை சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுச் செவிலியர்

தங்கையின் முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரைப் பரிசோதித்து அறிக்கை தரும் பொறுப்பைச் சட்டம் பதிவுபெற்ற மருத்துவருக்கே கொடுத்திருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஏ பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆவது பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. ஆகவே அமெரிக்க முறை இங்கே அப்படியே பொருந்தாது. அதற்காகச் செவிலியருக்கு வேலை குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பெண் வாசலில் வந்து நிற்கும்போது முதலில் பார்ப்பவரும், மருத்துவர் வரும்வரை பக்கத்தில் இருப்பவரும், பரிசோதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவரோடு இருப்பவரும் செவிலியர்தான். வழக்கில் உதவக்கூடிய தடயங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவதும் மருத்துவர் வருவதற்கு முந்தைய அந்த இடைவெளியில்தான்.

சிறுநீர் கழிக்கவோ, வாய் கொப்பளிக்கவோ, உடை மாற்றவோ கேட்டால், மாதிரி எடுக்கும்வரை பொறுக்க முடியுமா என்று காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது. விரித்த காகிதத்தின் மேல் நிற்கவைத்து உடைகளைக் களையச் செய்தால் உதிரும் முடியும் மண்ணும் அதிலேயே தங்கும். ஈரத் துணியை நிழலில் காற்றாட உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட வேண்டும். நெகிழிப் பையில் திணித்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்து மரபணுத் தடயம் சிதைந்துவிடும். கத்திக் குத்துக் காயத்தோடு வருபவரின் சட்டையைக் கத்தரிக்கும்போது குத்து விழுந்த ஓட்டையின் வழியாகவே கத்தரிப்பதை இன்றும் பார்க்கிறேன். ஓரிரு அங்குலம் தள்ளிக் கத்தரித்தால் அந்த ஓட்டை சான்றாக நிலைத்திருக்கும். உறை யாரிடமிருந்து யாரிடம், எந்த நேரத்தில் போனது என்று கையொப்பத்துடன் எழுதியிருக்க வேண்டும். அந்த வரிசையில் ஒரு கை விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சம்பவம் நடந்து 96 மணி நேரம் வரை உடல் மாதிரிகளை எடுக்கலாம் என்கிறது. அந்த நேரம் கடந்துவிட்டாலும் சிகிச்சை தேவைப்படும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் கொடுக்க வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையும் எவ்வளவு விரைவாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு பயன் தரும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இலவச முதலுதவியும் சிகிச்சையும் மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அக்டோபரில் மீண்டும் உச்ச நீதிமன்றமும் அதைக் கைவிடச் சொல்லிவிட்டன. இன்னமும் அதற்குத் தட்டு எடுத்து வைக்கச் சொல்பவர் இருந்தால், மறுத்துப் பேசும் உரிமை செவிலியருக்கும் இருக்கிறது.

பதில் 2: சிறை மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

வீட்டில் பயப்படுவது இயல்புதான். ஆனால் நான் பார்த்தவரை, பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவில் குடித்துவிட்டு வரும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் சிறைக்குள் செவிலியருக்குப் பாதுகாப்பு அதிகம். பிரச்சினைகள் இருக்கின்றன, அவை வேறு வகையானவை.

முக்கியமான வேலை மாத்திரை கொடுப்பதன்று. புதிதாக உள்ளே வருபவரைப் பார்ப்பது. ரிமாண்டில் வருபவர் தினமும் குடிப்பவராக இருந்தால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் அது பிதற்றலாக முற்றிவிடலாம். பக்கத்தில் இருப்பவர்கள் அவர் நடிக்கிறார் என்பார்கள், வார்டரும் அப்படியே நினைப்பார். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை என்று சொல்லி அவரை மருத்துவமனைக் கட்டிலுக்குக் கொண்டுவருவது செவிலியரின் வேலை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். தற்கொலை எண்ணமும் முதல் சில நாட்களில்தான் மிகுதியாக இருக்கும். முதன்முறை சிறைக்கு வந்து, குடும்பத்தின் முன் தலைகுனிந்துவிட்டதாக நினைப்பவரிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் பேச வேண்டும். இருமலை விசாரித்துச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அன்றே நடக்க வேண்டும். நெரிசலான பிளாக்கில் காசநோய் ஒருவரோடு நின்றுவிடாது.

அடுத்தது காயங்களை எழுதுவது. உள்ளே வரும்போது உடலில் இருந்த காயம் எது, எங்கே, எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று பார்த்தபடியே எழுத வேண்டும். கைதி சொன்ன காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். "விழுந்துவிட்டதாகச் சொல்கிறார்" என்பதும் "விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்பதும் ஒன்றல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட பின் இறந்தார்கள். சிறையில் அடைக்கத் தகுதியானவர்கள் என்று அவர்களுக்கு எப்படி மருத்துவச் சான்று கிடைத்தது என்பது அப்போது பெரிய கேள்வியாக எழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சான்றில் கையொப்பமிடுவது மருத்துவர் என்றாலும், அவருக்கு முன்பே சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பது பல இடங்களில் செவிலியர்தான்.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். மருத்துவக் குறிப்பைப் பார்க்கும் உரிமை சிறை அதிகாரிக்கு இயல்பாகவே உண்டு என்று சிலர் நினைக்கிறார்கள். 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் சிறையிலும் மருத்துவ இரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. நோயாளிக்கோ பிறருக்கோ உடனடியான கடும் ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. தண்டனையாகத் தனிமையில் அடைப்பதற்கு மருத்துவப் பணியாளர் துணைபோகக் கூடாது, ஆனால் அங்கே அடைக்கப்பட்டவரை நாள்தோறும் சென்று பார்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அதிகாரிக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்றிரவு தூக்குப்போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், அவரிடம் தெரிவித்துவிட்டே சொல்லலாம். சோதனையிடவும் சாவியை வைத்திருக்கவும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலைகளை ஒருமுறை உதவிக்காகச் செய்துவிட்டால் பிறகு யாரும் நம்மிடம் வலியைச் சொல்ல மாட்டார்கள்.

பதில் 3: இங்கிலாந்தில் சிறைச் செவிலியராக இருப்பவர்

இங்கே சிறை மருத்துவப் பொறுப்பு 2006வாக்கில் முழுமையாக தேசிய சுகாதாரச் சேவையிடம் வந்துவிட்டது. அதனால் எங்களுக்குச் சிறைக் கண்காணிப்பாளர் மேலதிகாரி அல்லர். இந்த ஓர் ஏற்பாடு எவ்வளவு சங்கடங்களைத் தவிர்க்கிறது என்பதை வந்து பார்த்தால்தான் புரியும். ஒருவர் சிறைக்கு வந்த முதல் நாளிலேயே ஒரு பரிசோதனை, ஏழு நாட்களுக்குள் இரண்டாவது பரிசோதனை. இரண்டையும் பெரும்பாலும் செவிலியரே செய்கிறோம். கம்பியில்லாக் கருவியில் "கோட் ப்ளூ" என்று கேட்டால் மூச்சோ நினைவோ இல்லாதவர், "கோட் ரெட்" என்றால் இரத்தப்போக்கு அல்லது தீக்காயம். பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தூக்குக் கயிற்றை அறுப்பதற்கான வளைந்த கத்தியைச் சிறைக் காவலர்கள் இடுப்பிலேயே வைத்திருப்பார்கள்.

மாத்திரை கொடுப்பதை எளிதாக நினைக்க வேண்டாம் என்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் போன்ற மாத்திரைகள் உள்ளே பணமாகவே புழங்குகின்றன. வலுவற்றவரை மிரட்டி அவர் நாக்கின் அடியில் ஒதுக்கிய மாத்திரையைப் பறித்துக்கொள்வார்கள். அதனால் விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் அவரைக் காப்பாற்றும் செயலாகவே முடிகிறது.

கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி, இரண்டாம் பதிலில் சொன்ன காயக் குறிப்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. தொடர்ந்து ஒன்று கேட்கிறேன். பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு வரும் சிறைவாசியின் கையைக் கட்டிலோடு விலங்கிட்டு, உடன் வந்த வழிக்காவலர் அறைக்குள்ளேயே நிற்பேன் என்றால், பணியிலிருக்கும் செவிலியர் என்ன செய்ய முடியும்?

பதில் 4: வழக்கறிஞர், மதுரை

உச்ச நீதிமன்றம் 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கிலேயே விலங்கிடுவதை வழக்கமாக்கக் கூடாது என்றது. 1995இல், அசாமில் மருத்துவமனைக் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருந்த காவல் கைதிகளின் வழக்கில், நீதித்துறை நடுவரின் அனுமதியின்றி அவ்வாறு செய்யக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43(3) பிரிவு சில வகைக் குற்றங்களில் விலங்கிட இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அது கைது செய்யும் நேரத்தையும் நீதிமன்றத்தில் நிறுத்தும் நேரத்தையும் பற்றியே பேசுகிறது. பிரசவ அறையைப் பற்றிப் பேசவில்லை. மண்டேலா விதிகளின் 48ஆவது விதி பிரசவ வலியின்போதும், பிரசவத்தின்போதும், அதை அடுத்த உடனடி நேரத்திலும் பெண்களுக்கு எந்தப் பிணைப்பும் கூடாது என்கிறது. பரிசோதனையின்போது மருத்துவப் பணியாளர் மட்டுமே உடனிருக்க வேண்டும், காவலர் தேவைப்பட்டால் அவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது பெண் சிறைவாசிகளுக்காக ஐ.நா. 2010இல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளில் இருக்கிறது.

செவிலியர் செய்யக்கூடியது இதுதான்: விலங்கை அகற்றச் சொல்லிப் பணி மருத்துவரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நிற்காமல், கேட்ட நேரம், வழிக்காவலர் சொன்ன பதில், நடுவரின் அனுமதி ஆணை காட்டப்பட்டதா இல்லையா ஆகிய மூன்றையும் நோயாளியின் கோப்பிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆணை கேட்கப்படுகிறது என்று தெரிந்தவுடனேயே பல நேரங்களில் சாவி வெளியே வந்துவிடுகிறது. வராவிட்டால், பின்னாளில் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது.