ஒரு டாலருக்கு வந்த ஃபேக்டரி நிலம்: மண்ண டெஸ்ட் பண்ண காசு தேடின அனுபவம்

மண்தோண்டி:
நான் அமெரிக்காவுல ஒஹாயோல ஃபீல்டு வேலை பாக்குறேன், பழைய ஃபேக்டரி நிலத்துல போர் போட்டு மண்ணு, நிலத்தடி தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்புற வேலை. பெரிய சிட்டில பிரச்சனை இல்ல, பில்டரே காசு போட்டு டெஸ்ட் பண்ணிக்குவான். நாலாயிரம் பேர் இருக்குற ஊர்ல அப்படி யாரு வருவா? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம யாரும் வாங்க மாட்டாங்க, பேங்க்கும் கடன் குடுக்காது, டவுன் ஆபீஸ்லயோ ரோடு போடவே காசு இல்ல. சுத்தம் பண்றத விடுங்க, என்ன கெட்டிருக்குன்னு பாக்குறதுக்கான மொத காசுதான் கிடைக்கவே கிடைக்காது.

ஒரு ஊர்ல நடந்தது இன்னும் மனசுல நிக்குது. முலாம் பூசுற பழைய ஃபேக்டரி, ஓனர் ஒரு டாலருக்கு ஊருக்கே எழுதிக் குடுத்துட்டாரு. பார்க் கட்டலாம்னு சந்தோஷமா வாங்கி, ஆறு மாசம் கழிச்சு எங்ககிட்ட வந்தாங்க. ஈ.பி.ஏ-ன்னு அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு, அவங்களோட ப்ரவுன்ஃபீல்ட்ஸ் (மாசுபட்ட பழைய நிலம்) கிராண்ட் இருக்கு, அசெஸ்மென்ட்டுக்கு, அதாவது நிலத்த ஆராய்ஞ்சு பாக்குறதுக்கு, 5 லட்சம் டாலர் வரைக்கும் கேக்கலாம், ஊர் பங்குன்னு ஒரு பைசா போட வேணாம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள ஃபேஸ் ஒன் ஆய்வு (மண்ணத் தோண்டாம நிலத்தோட பழைய கதைய விசாரிக்கிற மொத ஆய்வு) முடிச்சிருக்கணும், அதுலயும் நேர்ல பாத்தது, பேட்டி எடுத்தது, ரெக்கார்டு தேடினது எல்லாம் 180 நாளுக்குள்ள இருக்கணும். இவங்க எதுவுமே பண்ணல. அதனால சட்டப்படி அந்த அழுக்குக்கு ஊரும் பொறுப்பாளி ஆயிடுச்சு, அந்த இடத்துல கிராண்ட் காசத் தொட முடியல. வரி கட்டாத நிலம்னு ஊரே எடுத்திருந்தா சட்டத்துல வழி இருந்துச்சு. அந்த மேயர் அம்மா ஒண்ணும் பேசாம ஃபைல மூடி வச்சது இப்பவும் கண்ணுல நிக்குது. சில ஆயிரம் டாலர் வேலைங்க அது, முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஊர்ல நானே போய் மொதல்ல வாங்காதீங்கன்னு கெஞ்சினேன். அங்க கிராண்ட் எழுதக்கூட ஆள் இல்ல, ஒரே கிளார்க் தான், அவங்களே தண்ணி பில்லும் பாக்கணும். அதனால டார்கெட்டட் அசெஸ்மென்ட் கேட்டோம், அதுல காசா குடுக்க மாட்டாங்க, ஈ.பி.ஏ அவங்க கான்ட்ராக்டரையே அனுப்பி டெஸ்ட் பண்ணித் தருவாங்க, நிலம் ஊர் பேர்ல இருக்கணும்னு இல்ல, ஓனர் உள்ள விட சம்மதிச்சா போதும். ஃபேஸ் ஒன்னுக்கு பழைய சான்பார்ன் மேப்ப எல்லாம் பாத்தோம், அந்தக் காலத்துல தீ இன்சூரன்ஸுக்காக கட்டடம் கட்டடமா வரைஞ்சது. அதுல கூட இல்லாதது ஒரு தாத்தா வாயில வந்துச்சு. அங்க வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, கைத்தடி ஊணிக்கிட்டு வந்து லோடிங் டாக் பின்னாடி ஒரு எடத்தக் காட்டி, கிரீஸ் கழுவின கெமிக்கல வாராவாரம் இங்கதான் ஊத்துவோம்னாரு. அங்க போர் போட்டோம், ட்ரைகுளோரோஎத்திலீன் வந்துச்சு, கிரீஸ் கழுவுற கெமிக்கல்தான் அது. வேற எங்க போட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது.

பாலாற்றங்கரை:
அண்ணா, நான் ராணிப்பேட்டை. சிப்காட்ல 1990கள்லயே மூடின குரோமேட் ஃபேக்டரி, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவு குவிஞ்சு கெடக்குற எடம். மழை பேஞ்சா மஞ்சளா தண்ணி ஓடும், சின்ன வயசுல அது என்னன்னே தெரியாது எங்களுக்கு. தோல் பதனிட வேண்டிய கெமிக்கல் பண்ண எடம், அதுல இருக்குற ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கேன்சர் வரவைக்கும்னு காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சுது. ஆய்வு நடக்கலன்னு சொல்ல மாட்டேன். நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபான்னு 2010-ல செஸ்னு கூடுதல் வரி போட்டு க்ளீன் எனர்ஜி ஃபண்டுன்னு சேத்தாங்கல்ல, அந்தக் காசுல எங்க ஊர சுத்தம் பண்றதுக்கும் திட்ட அறிக்கை தயார் பண்ண எடுத்தாங்க. எங்க ஊர் பேர் வெளிய தெரிஞ்சது, அதனால வந்துச்சு. பேரே தெரியாத ஊர்ல மூடிக் கெடக்குற சாயப்பட்டறைக்கு யார் வருவா?

கணக்குப்புள்ள:
2025 ஜூலைல மத்திய அரசு புது விதி போட்டிருக்கு தம்பி, மாசுபட்ட நிலங்களுக்குன்னே. சந்தேகப்படுற எடத்த மாவட்ட நிர்வாகம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லிஸ்ட் குடுக்கணும், 90 நாள்ல முதல்கட்ட ஆய்வு. கெடுத்தவன்கிட்ட வசூல், ஆள் இல்லன்னா மத்திய, மாநில அரசு செலவு. லிஸ்ட்ல பேர் ஏறணும், அதான் மொத வேலை.

பாலாற்றங்கரை:
அப்ப எங்க மாமா ஊர் பட்டறைக்கு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுக்கறேன். என்ன எழுதணும் அண்ணா?

மண்தோண்டி:
எழுதுறதுக்கு முன்னாடி அங்க வேலை பாத்த பெரியவங்க யாராவது உயிரோட இருக்காங்களான்னு பாருங்க. தொட்டி எங்க இருந்துச்சு, கழிவு எந்தப் பக்கம் போச்சு, எந்தக் கெணறு மொதல்ல கெட்டுச்சுன்னு கேட்டு கையால ஒரு படம் வரைஞ்சு மனுவோட வைங்க. எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, எங்க போர் போடச் சொல்லணும்னு குறிச்சுத் தரேன்.